முதலில் ஆட்களைத் தேடு

அன்புள்ள தம்பி,

ஆண்டிமடத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. சோழவரம் கார்ப் பந்தயத் தளத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ட்ரோனை வாடகைக்கு எடுத்து, மேலிருந்து ஓடுதளத்தைப் படம் பிடிப்பதில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த வேலையைக் கடைசியில் வைத்துக்கொள் என்பதுதான் என் யோசனை. ஏன் என்று சொல்கிறேன்.

சென்னைக்கு அருகே சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். போர் முடிந்து சும்மா கிடந்த அந்த 'டி' வடிவத் தளத்தில்தான், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. 1950-களில் ஆரம்பித்த ஓட்டம் 1980-களின் கடைசி வரை நடந்தது. கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் கட்டி, 1990-இல் அது திறந்ததும் சோழவரத்தின் கதை முடிந்தது. இப்படிப்பட்ட ஓடுதளப் பந்தயங்களில் வைக்கோல் கட்டும் டிரம்மும் வைத்துத்தான் வளைவைக் குறிப்பார்கள். பந்தயம் முடிந்து அவற்றை எடுத்துவிட்டால் மறுபடி வெறும் சிமென்ட் தரை. நீ ட்ரோனில் பார்க்கப்போவது அந்தத் தரையைத்தான். எந்த இடத்தில் பிரேக் பிடித்தார்கள், எங்கே கார் சுழன்றது, கூட்டம் எந்தப் பக்கம் நின்றது என்று அந்தத் தரை உனக்குச் சொல்லாது.

வெளிநாட்டில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் 1907-இல் கட்டிய புரூக்லாண்ட்ஸ் தளத்தில் 1939-க்குப் பிறகு பந்தயம் நடக்கவில்லை. ஆனாலும் அதன் சாய்ந்த கான்கிரீட் சுவர்களில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது, பக்கத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது. பிரான்சில் ரீம்ஸ் ஊர்ப் பக்கம் பழைய பார்வையாளர் மாடங்களையும் பழைய விளம்பர எழுத்துகளையும் தன்னார்வலர்கள் மீட்டு வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டடம் இருந்தது, காப்பாற்றினார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது ஆட்களும் அவர்கள் வீட்டுக் காகிதங்களும். 1965-இல் 25 வயதில் சோழவரத்தில் ஸ்பேனர் பிடித்தவருக்கு இன்று 85 வயதாவது இருக்கும். தளம் இன்னும் பத்து வருஷம் கழித்தும் அங்கேயே கிடக்கும். அவர் இருப்பாரா?

முந்திரிக்காட்டு ஊரில் பிறந்தவனுக்கும் கார்ப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் கேட்பதாக எழுதியிருந்தாய். உன் ஊரிலிருந்து ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழனின் தலைநகரான அங்கே இன்று மிஞ்சியது பெரிய கோயிலும், மாளிகைமேட்டில் தோண்டி எடுத்த செங்கல் சுவர்களும்தான். கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்து 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பயன்படுத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்? யாரோ எழுதி வைத்தார்கள். மதில் போன பிறகும் மதில் இருந்த செய்தி நிலைத்துவிட்டது. அந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு இந்த வேலைக்கு வேறு தகுதி வேண்டாம் என்று கேட்பவர்களிடம் சொல்.

இனி வேலைக்கு வருவோம். ஆட்கள் முதலில், காகிதம் அடுத்து, நிலம் கடைசி. இந்த வரிசையை மாற்றாதே.

ஆட்கள் என்றால் யார்? கோவையின் கரிவரதன், விஜய் மல்லையா, கோண்டல் அரச குடும்பத்தினர் என்று அங்கே ஓட்டிய பெரிய பெயர்கள் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்களைப் பற்றித் தேவையான அளவு எழுது. உன் நேரத்தில் பெரும்பங்கை மெக்கானிக்குகளுக்குக் கொடு. சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கோவையில் பழைய லேத் பட்டறைகள் என்று விசாரித்துப் போ. கொடி அசைத்தவர், ஸ்டாப்வாட்சு பிடித்து நேரம் குறித்தவர், ஆம்புலன்சில் காத்திருந்தவர், சோழவரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பந்தய நாளன்று கடை போட்டவர், வேலியோரம் நின்று பார்த்த அன்றைய சிறுவர்கள் என எல்லோரும் உனக்கு வேண்டும்.

போய் உட்கார்ந்ததும், 'அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா?' என்று கேட்காதே. 'நல்லா இருந்துச்சு தம்பி' என்பதோடு பேச்சு நின்றுவிடும். 'ஞாயிற்றுக்கிழமை பந்தயம்னா, சனிக்கிழமை ராத்திரி என்ன வேலை பார்த்தீங்க?' என்று கேள். கை செய்த வேலையை மனம் சீக்கிரம் மறக்காது. கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்கிடம் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கைக் கொடுத்துப் பார். நுனி கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் என்பார். வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், இப்படியே ஓட்டினால் இஞ்சின் சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகிவிடும் என்பார். காபித்தூள் நிறம் வரும்வரை கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஃபியட்டையும் ஹெரால்டையும் சிபானி டால்ஃபினையும் புல்லட்டையும் பந்தயத்துக்குத் தயார் செய்த அறிவு இப்படிக் கண்ணிலும் விரலிலும் இருந்தது. உன் படத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. அவர் பிளக்கைத் திருப்பிப் பார்க்கும்போது கேமராவை அவர் முகத்திலிருந்து இறக்கி, அவர் கையைப் படம் பிடி.

சொன்னதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதே. வயதானவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் இரண்டு வருஷத்துப் பந்தயங்கள் அவர்கள் மனதில் ஒன்றாகக் கலந்துவிடும். யார் ஜெயித்தார், எந்த வருஷம் என்பதைக் காகிதத்தோடு வைத்துப் பார். நுழைவுச் சீட்டு, நிகழ்ச்சி நிரல் புத்தகம், முடிவுத்தாள், சட்டையில் குத்திய பேட்ஜ் எல்லாம் சாட்சிதான். வெற்றிக் கோப்பையில் வருஷமும் பிரிவும் பொறித்திருப்பார்கள். கல்வெட்டைப் படிக்கும் பொறுமையோடு அதைப் படித்து, எழுத்து தெளிவாகத் தெரியும்படி படம் எடு. நாளிதழ்களுக்குக் கன்னிமாரா நூலகம் போ. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பந்தயம் நடந்த தேதி கையில் இருந்தால் மறுநாள் பத்திரிகையைப் புரட்டுவது எளிது.

வீட்டு ஆல்பத்திலிருந்து படத்தை உருவி எடுத்துக்கொண்டு வராதே. ஸ்கேனரை நீ கொண்டுபோ. அவர்கள் கண் எதிரிலேயே ஸ்கேன் செய்து, படத்தை அதே இடத்தில் வைத்துவிட்டு வா. படத்தில் இருப்பவர் யார், எடுத்தது யார், எந்த வருஷம் என்பதை அன்றைக்கே எழுதிக்கொள். பெயர் தெரியாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் பழைய படம். எல்லாவற்றுக்கும் மூன்று நகல் வை. மூன்றையும் ஒரே வீட்டில் வைக்காதே. ஒரு நகல் அந்தக் குடும்பத்துக்குக் கட்டாயம் போகவேண்டும்.

விபத்துகளைப் பற்றியும் நீ கேட்டாக வேண்டும். வேகம் உயிர் கேட்கும் விளையாட்டு. இறந்தவர் வீட்டில் அனுமதி வாங்கிய பிறகே பேசு. அவர்கள் வேண்டாம் என்றால் கேமராவை மூடு. விறுவிறுப்புக்காக ஒரு மரணத்தைப் படத்தில் சேர்க்காதே.

கடைசியில் நிலம். அது இன்று யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கால் வை, ட்ரோனும் விடு. அப்போது உன்னோடு ஒரு பழைய ஓட்டுநரையோ மெக்கானிக்கையோ அழைத்துப் போ. 'இங்கேதான் திரும்புவோம்' என்று அவர் கைநீட்டும்போதுதான் அந்தச் சிமென்ட் தரை பந்தயத் தளமாகும்.

சென்னை போக இப்போது பணம் இல்லை என்று எழுதியிருந்தாய். அதற்காகச் சும்மா இருக்கவேண்டாம். விருத்தாசலம் தாண்டி உளுந்தூர்பேட்டையிலும் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்களைப் பார்த்து, அந்த இடத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய். கேள்வி கேட்கவும், குறுக்கே பேசாமல் கேட்கவும் அங்கே பழகிக்கொள்ளலாம்.

2005-இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் ஓடின. 2025 ஜனவரியில் துபாயில் நடிகர் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததை நம் பிள்ளைகள் கொண்டாடினார்கள். இதற்கெல்லாம் முன்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பழைய ஓடுதளத்தில் நம் ஆட்கள் சொந்தக் கையால் வண்டி செய்து ஓட்டியிருக்கிறார்கள். அது தமிழில் முழுமையாகப் பதிவாக வேண்டும்.

உனக்குத் தெரிந்தவர்களில் வயதில் மூத்தவர் யாரோ, அவருக்கு இந்த வாரமே போன் செய். கேமரா நன்றாக இல்லையே என்று தள்ளிப்போடாதே. கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். படம் எப்போது வேண்டுமானாலும் முடியட்டும், பேட்டி இன்றே தொடங்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்