எண்ணும் வாயும் பத்திரம்! இன்வெஸ்ட்மென்ட் பேங்க் இன்டர்ன்ஷிப்புக்கு அக்கா டிப்ஸ்

பங்குனி உற்சவத்துல நம்பெருமாள் ஜீயபுரம் வந்துட்டு ஸ்ரீரங்கம் திரும்பின கையோட நீயும் மும்பைக்குக் கிளம்புற. சூரியூர் ஐ.ஐ.எம்.ல முதல் வருஷம் முடிச்ச பொண்ணுக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்க்ல எட்டு வாரம் இன்டர்ன்ஷிப்னதும் வீட்டுல ஆளாளுக்கு அட்வைஸ் குடுத்துட்டாங்க. பெரியப்பா கோட்டு தைக்கச் சொல்றார், அம்மா பருப்புப்பொடி அரைக்கறா. அவங்க யாரும் சொல்லாததை மட்டும் நான் சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல ஒண்ணு. இன்டர்ன்கிட்ட யாரும் மேதாவித்தனத்தை எதிர்பார்க்கறதில்ல. நீ ஒரு பக்கம் பண்ணிக் குடுத்தா, உனக்கு மேல இருக்கற அசோசியேட் அதைத் திரும்பக் கூட்டிப் பார்க்காம மேல அனுப்பலாமா? அனுப்பலாம்னு அந்த மனுஷனுக்கு எப்போ தோணுதோ, அப்போ நீ பாஸ். இங்கிலீஷ் சரளமா வரலையேன்னு ராத்திரி உக்காந்து கவலைப்படாத. அங்க மெயிலெல்லாம் நாலு வரிதான். அந்த நாலு வரில இருக்கற எண்ணு சரியா இருக்கணும், அவ்வளவுதான்.

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் இருக்குல்ல? யூடியூப்ல வால் ஸ்ட்ரீட் வீடியோ பார்த்துட்டு இருக்காத. நம்ம ஊரைச் சுத்தியே படிக்கறதுக்குக் கம்பெனி இருக்கு. மூணே மூணு எடுத்துக்கோ.

கல்லக்குடிப் பக்கம் டால்மியாபுரம். 1939-லேர்ந்து அங்க சிமென்ட் ஃபேக்டரி. இன்னிக்கு டால்மியா பாரத்னு லிஸ்ட் ஆன கம்பெனி. சிமென்ட் கம்பெனிய மதிப்பிடறப்போ, வருஷத்துக்கு ஒரு டன் தயாரிக்கற திறனுக்கு எவ்வளவு விலைன்னு ஒரு கணக்கு போடுவாங்க. அதுக்கு ஷேர் மதிப்போட கடனைக் கூட்டி, கையில இருக்கற ரொக்கத்தைக் கழிக்கணும். இதுதான் என்டர்பிரைஸ் வேல்யூ. நம்ம ஊர்ல வாழைத்தோப்பு வாங்கறவர் அதுமேல சொசைட்டில எவ்வளவு கடன் நிக்குதுன்னு கேட்டுட்டுத்தானே விலை பேசறார்? அதேதான்.

ரெண்டாவது திருவெறும்பூர் பெல். பாய்லர் ஆர்டர் எடுத்து முடிச்சுக் குடுக்க வருஷக்கணக்காகும். வேலை நடக்க நடக்க வருமானம் கணக்குல ஏறிடும், பணம் மெதுவாத்தான் கைக்கு வரும். லாப நஷ்டக் கணக்கையும் கேஷ் ஃப்ளோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அஞ்சு வருஷத்துக்குப் பாரு. லாபத்துக்கும் காசுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு புரிஞ்சுடும். அந்த ஒரு விஷயம் புரியாமலே நிறைய பேர் ஃபைனான்ஸ் படிச்சு முடிச்சுடறாங்க.

மூணாவது, நம்ம ரயில் பாதையிலயே மேற்கால போனா வர்ற கரூர். 1916-ல ஆரம்பிச்ச கரூர் வைஸ்யா பேங்க் இன்னிக்கும் நல்லா ஓடுது. அதோட ஆண்டறிக்கையை எடுத்து சிமென்டுக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டுப் பாரு, உதைக்கும். ஏன்னா பேங்குக்குக் கடன்தான் சரக்கு. நாம போடற டெபாசிட் எல்லாம் அதுக்குக் கடன்தானே, அதைக் கூட்டறதா கழிக்கறதா? அதனாலதான் பேங்க்னா புத்தக மதிப்புக்கு எத்தனை மடங்குன்னு பார்க்கறாங்க. இன்டர்வியூல கேக்கற கேள்வி இது.

அதே கரூர்ல 1926-ல பொறந்த லட்சுமி விலாஸ் பேங்கையும் மறக்காத. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் அதை 'உடனடித் திருத்த நடவடிக்கை'ங்கற கட்டுப்பாட்டுல வச்சது. 2020 நவம்பர்ல டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோட சேர்த்துட்டாங்க. டெபாசிட் போட்டவங்க பணம் பத்திரமா இருந்துச்சு. ஷேர் வச்சிருந்தவங்களுக்கு ஒரு பைசா இல்ல, பங்கு மூலதனம் முழுக்கத் தள்ளுபடி. கரூர், திருச்சிப் பக்கம் எத்தனையோ வீட்டுல தாத்தா காலத்துப் பங்குப் பத்திரம் பீரோல இருந்துச்சு. அந்த பேங்கோட கடைசி நாலஞ்சு ஆண்டறிக்கைய வரிசையா வச்சு வாராக்கடனும் மூலதன விகிதமும் போன போக்கைப் பாரு. அழகான அட்டையெல்லாம் விட்டுடு, பின்னாடி பொடி எழுத்துல இருக்கற குறிப்புகளைப் படி. விஷயம் எப்பவும் அங்கதான் இருக்கும்.

நேரம் மிச்சமிருந்தா தூத்துக்குடி தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் ஐ.பி.ஓ. ஆவணம் ஒண்ணு. 2022 செப்டம்பர்ல பங்கு 510 ரூபாய்னு வெளியிட்டு லிஸ்ட் ஆச்சு. 1921-லேர்ந்து நடக்கற பேங்க், நல்ல லாபம், ஆனா பங்குல மூணுல ஒரு பாகத்துக்கு மேல வழக்குல இருந்துச்சு. அது 'ரிஸ்க் ஃபாக்டர்ஸ்' பகுதில பட்டவர்த்தனமா எழுதியிருக்கும். ஐ.பி.ஓ. ஆவணம் எழுதறதுல உனக்கும் ஒரு மூலை வேலை வரும், அதுக்கு இதைவிட நல்ல பாடம் இல்ல.

இனி ஆபீஸ் வேலை. உனக்கு வர்ற முதல் வேலை அநேகமா ஒரு ஒப்பீட்டு டேபிளாத்தான் இருக்கும். ஒரே துறைல ஆறேழு கம்பெனி, விலை, விற்பனை, லாபம், மடங்கு. சின்ன வேலைதானேன்னு தோணும். கண்ணு வச்சுப் பாரு. ஒரு கம்பெனி அறிக்கை லட்சத்துல இருக்கும், இன்னொண்ணு கோடில, ஐ.பி.ஓ. ஆவணம் மில்லியன்ல. ஒரு கோடின்னா 10 மில்லியன், 100 கோடின்னா ஒரு பில்லியன், ஒரு லட்சம் கோடின்னா ஒரு ட்ரில்லியன். இது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். நம்ம கம்பெனிக்கு வருஷம் மார்ச்சுல முடியும், வெளிநாட்டுக் கம்பெனி நிறைய டிசம்பர்ல முடிக்கும். ஒருத்தர் துணை நிறுவனங்களையும் சேர்த்துக் கணக்கு குடுத்திருப்பார், நீ தனிக் கணக்கை எடுத்து பக்கத்துல வச்சிருப்ப. ஷேர் விலை எந்தத் தேதி? எல்லாத்துக்கும் ஒரே தேதியா? அடியில எழுதினியா?

அனுப்பறதுக்கு முன்னாடி பிரின்ட் எடு. ஸ்க்ரீன்ல கண்ணு ஏமாத்தும். மூல அறிக்கையைப் பக்கத்துல வச்சு, ஸ்கேல் வச்சு, ஒவ்வொரு எண்ணுக்கும் பென்சில்ல டிக் போடு. எக்செல்ல கையால டைப் பண்ண எண்ணு நீலம், ஃபார்முலா கறுப்பு. இது உலகம் முழுக்க இந்தத் தொழில்ல இருக்கற வழக்கம், மீறாத. மவுஸைத் தொடாம வேலை பார்க்க ஊர்லயே பழகிக்கோ. எஃப்2, எஃப்4, ஆல்ட் சமம், கன்ட்ரோல் சதுர அடைப்பு, இந்த நாலு வந்தாலே பாதி நாள் மிச்சம்.

ஒரு வேலை கையில வந்தா தலையாட்டிட்டு ஓடிவராத. யாருக்குப் போகுது, எப்போ வேணும், போன டீல்ல இதே மாதிரி பண்ணினது இருக்கான்னு நின்னு கேளு. அந்தப் பழைய ஃபைல் கிடைச்சா ஃபார்மேட் தலைவலி தீர்ந்துச்சு. நடுவுல சந்தேகம் வந்தா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் நிக்காத, சேர்த்து வச்சு ஒரே தடவையா கேளு. அனுப்பினப்புறம் தப்பு கண்ணுல பட்டா, அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீயே போன் பண்ணிச் சொல்லு. மெயில் போட்டுட்டுக் காத்திருக்காத.

வாய் விஷயத்துக்கு வரேன். இதுல மட்டும் அக்கா கறார்.

டீலுக்கெல்லாம் புனைபெயர் இருக்கும், ப்ராஜெக்ட் இன்னதுன்னு. கம்பெனி பேரை லிஃப்ட்ல, கேப்ல, லோக்கல் ட்ரெயின்ல, ஹாஸ்டல் ரூம்ல எங்கயும் சொல்லாத. வெளில வராத, விலையை அசைக்கக்கூடிய தகவல் உன் கைக்கு வந்த நிமிஷமே செபியோட 2015 உள்வணிக விதிப்படி நீயும் 'இன்சைடர்'தான். இன்டர்ன், ட்ரெய்னீன்னு விலக்கெல்லாம் கிடையாது. யார் யாருக்குத் தகவல் போச்சுன்னு பான் நம்பரோட ஒரு பதிவேடே வச்சிருப்பாங்க.

அப்பா டீமேட் கணக்கு வச்சிருக்கார். போன்ல "ஏம்மா, ஏதாவது நல்ல ஷேரா சொல்லேன்"னு கேப்பார். கேக்காம இருக்க மாட்டார். "அப்பா, ஆபீஸ் விஷயம் பேசக்கூடாதுப்பா"ன்னு ஒரே வாக்கியம், அதுக்கு மேல ஒரு சொல் வேண்டாம். "சிமென்ட் வாங்காதீங்க"ன்னு சொன்னாலும் அதுவும் சொன்னதுதான். நீ சேர்றப்போ குடும்பத்தார் பங்கு விவரம் கேட்டு ஃபாரம் குடுப்பாங்க, அதை மறைக்காம நிரப்பு.

பெரிய ஆளுங்களே இதுல விழுந்திருக்காங்க. 2008 செப்டம்பர் 23-ஆம் தேதி, கோல்ட்மேன் சாக்ஸ் போர்டு மீட்டிங் போன்ல நடந்துச்சு. வாரன் பஃபெட்டோட பெர்க்ஷயர் 5 பில்லியன் டாலர் போடப்போற விஷயம் அதுல வந்துச்சு. டைரக்டரா இருந்த ரஜத் குப்தா மீட்டிங் முடிஞ்ச ஒரு நிமிஷத்துக்குள்ள ராஜ் ராஜரத்தினத்துக்குப் போன் போட்டார். ராஜரத்தினம் கொழும்புல பொறந்த தமிழர், கேலியன்னு பெரிய ஃபண்ட் நடத்தினவர். 2011-ல அவருக்கு 11 வருஷ சிறைத் தண்டனை, 2012-ல குப்தாவுக்கு 2 வருஷம்.

இன்னிக்கு இதோட புதுசா ஒரு வழி சேர்ந்திருக்கு. ஆபீஸ் ஃபைலை உன் ஜிமெயிலுக்கு அனுப்பறது, ஸ்லைடை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் பண்றது, சுருக்கம் வேணும்னு வெளி ஏ.ஐ. சாட்ல ஒட்டறது. மூணும் கூடாது.

தூக்கம். 2013-ல லண்டன்ல ஒரு பெரிய பேங்க்ல சம்மர் இன்டர்னா இருந்த 21 வயசு ஜெர்மன் பையன் ஒருத்தன் இறந்துபோனான். வலிப்புனால சாவுன்னு விசாரணைல சொன்னாங்க. அசதி அதைத் தூண்டியிருக்கலாம், ஆனா உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க. அப்புறம்தான் இந்தத் தொழில்ல பேச்சே கிளம்புச்சு. 2015-ல கோல்ட்மேன், இன்டர்ன்கள் நடுராத்திரிக்கு மேல காலை ஏழு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருக்கக்கூடாதுன்னுச்சு. 2024-ல ஜே.பி. மார்கன் ஜூனியர்களுக்கு வாரம் 80 மணி நேரம்னு உச்சவரம்பு வச்சது. 80-ங்கறதே சலுகையாம், பார்த்துக்கோ! உனக்கு ஏதாவது மருந்து, தலைசுத்தல், வலிப்புன்னு இருந்தா முதல் வாரமே ஹெச்.ஆர்.கிட்ட எழுத்துல குடு. வேலை இல்லாதப்போ மேலதிகாரி எழுந்திரிக்கட்டும்னு சும்மா உக்காந்திருக்காத. "வேற ஏதாவது இருக்கா? இல்லைன்னா கிளம்பறேன்"னு கேட்டுட்டுக் கிளம்பு. ராத்திரி லேட்டானா ஆபீஸ் கேப் கேட்டு வாங்கு, வண்டி நம்பரை எனக்கு அனுப்பு. எத்தனை மணியானாலும் பரவாயில்ல.

தங்கறதுக்கு மாட்டுங்கா பக்கம் பாரு. தமிழ்க் கடை, கோயில், இட்லி எல்லாம் கைக்கெட்டற தூரம். ஆபீஸ் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்னா (பி.கே.சி.), மாட்டுங்காலேர்ந்து ஸ்லோ ட்ரெயின் பிடிச்சு குர்லா, அங்கேர்ந்து ஷேர் ஆட்டோ. காலைல லேடீஸ் கம்பார்ட்மென்ட் எங்க நிக்கும்னு முதல் நாளே பிளாட்பாரத்துல பார்த்து வச்சுக்கோ. ஜூன்ல மழை வந்துடும், நல்ல ஷூவை ஆபீஸ் டிராயர்ல வச்சுட்டு ரப்பர் செருப்புல போ. கோட்டு ஒண்ணே போதும், பெரியப்பாகிட்ட நான் பேசிக்கறேன். வடுமாங்காய் பாட்டிலை ப்ளாஸ்டிக் சுத்தி செக்-இன் பெட்டில போடு, கைப்பையில வச்சா செக்யூரிட்டில எடுத்துடுவாங்க.

நாலாவது வாரம் முடிஞ்சதும் மேலதிகாரிகிட்ட அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கி, "எதை மாத்திக்கணும்?"னு நேரா கேளு. "நல்லா பண்ற"ன்னு சொல்லி நழுவுவாங்க. விடாத, ஒரு உதாரணம் சொல்லச் சொல்லு. கடைசி வாரம் கேட்டா புண்ணியமில்ல, வேலை குடுக்கறதா வேண்டாமான்னு அதுக்குள்ள பேசி முடிச்சிருப்பாங்க.

அப்புறம் ரெஸ்யூமே. டீல் வெளில அறிவிச்சாச்சுன்னா, ஆபீஸ்லயும் சரின்னா, பேர் போட்டுக்கோ. அறிவிக்கலைன்னா 'திருச்சிப் பக்கத்து ஒரு சிமென்ட் கம்பெனி'ன்னு புத்திசாலித்தனமா மறைச்சு எழுதாத. திருச்சிப் பக்கம் எத்தனை சிமென்ட் கம்பெனி இருக்கு, நீயே சொல்லு. 'உற்பத்தித் துறை'ன்னு போடு, போதும்.