கடலோரத் தண்ணீரும் காலராக் கிருமியும்



சென்ற மாதம் கூத்தாநல்லூர் பகுதியில் ஒரு குழுக் கூட்டத்தில் குடிநீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினர், "காலராவெல்லாம் அந்தக் காலத்து நோய். அதுவும் கடற்கரைக்காரங்களுக்குத்தானே வரும், நமக்கு என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நம் பக்கத்திலேயே நடந்தது

2022 ஜூலை மாதம் காரைக்காலில் நூற்றுக்கணக்கானோர் வாந்தி பேதியால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலருக்குக் காலரா என்று உறுதியானது. அங்கே பொது சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளிக்கூடங்களையும் மூன்று நாள் மூடினார்கள். உடைந்த குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. பக்கத்தில் இருக்கும் நம் திருவாரூர் மாவட்டத்தையும் அப்போது உஷார்படுத்தினார்கள். ஆக, இது அந்தக் காலத்து நோயும் இல்லை, தூரத்து நோயும் இல்லை.

கிருமி எங்கே வாழ்கிறது?

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிகிற கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் கடலில் சேர்கின்றன. இப்படி ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் வெதுவெதுப்பான இடங்கள்தான் காலராக் கிருமிக்குப் பிடித்த வீடு. இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்கள் தண்ணீரில் மிதக்கும். அவற்றின் மேல் இக்கிருமி ஒட்டிக்கொண்டு வாழும். தண்ணீர் சூடாகும் காலத்தில் பெருகும். மனிதர் வயிற்றுக்குள் வந்துவிட்டால், பிறகு மலம் வழியாகக் குடிநீரில் கலந்து ஊர் ஊராகப் பரவும். அதற்குக் கடல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. சாக்கடைக்குள் ஓடும் ஓட்டைக் குழாய் ஒன்று போதும்.

பழைய புடவை செய்த வேலை

வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரைக் குடிக்கும் கிராமங்களில், பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக மடித்து, தண்ணீரை வடிகட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வின்படி காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கிருமி ஒட்டியிருக்கும் அந்தச் சிறு உயிர்கள் துணியில் தங்கிவிடுவதுதான் காரணம். துவைத்துத் துவைத்து நைந்த புடவையே நன்றாக வடிகட்டும். ஆனால் தனியாக மிதக்கும் கிருமியைத் துணி தடுக்காது. அதனால் வடிகட்டிய பிறகு தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும், அல்லது சுகாதார செவிலியர் சொல்லும் அளவில் குளோரின் மாத்திரை போட வேண்டும். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் போன்ற நாட்களில், விறகும் கேஸும் கிடைக்காதபோது துணியாவது கை கொடுக்கும்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

அரிசி கழுவின தண்ணி மாதிரி வெள்ளையாக, நிற்காமல் பேதி போனால் அது காலராவாக இருக்கலாம். சில மணி நேரத்திலேயே உடம்புத் தண்ணீரெல்லாம் வற்றி உயிர் போய்விடும். "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று சொல்லி நிறுத்தி வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. போவதைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டும்.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளம் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வழியாகவே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளியின் சொந்தக்காரர்களே.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்பு கூடவே கூடாது. மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

புண் வழியாக வரும் இன்னொரு கிருமி

காலராக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொன்றும் இதே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் உண்டு. அது புண் வழியாகவும், வேகாத மீன், நண்டு, சிப்பி வழியாகவும் வரும். வருவது அபூர்வம். ஆனால் சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு வந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ போனால், காலில் புண் உள்ளவர்கள் கடலில் இறங்க வேண்டாம். இறால் முள் குத்தினால் உடனே நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். சிவந்து வீங்கி, வலி கூடி, கொப்புளமோ காய்ச்சலோ வந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "கடல் தண்ணி பட்டது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் தெருவில் குடிநீர்க் குழாய் சாக்கடையில் கிடக்கிறதா? யார் மனு எழுதுவது?
2. குழுவில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை யார் வீட்டில் வைப்பது?
3. உப்பு சர்க்கரைக் கரைசலை ஒவ்வொருவரும் கலந்து காட்ட முடியுமா?

பேதி என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டும், ஒரு நாள் கூலி போகுமே என்று நினைத்தும் நாம் தள்ளிப்போடுகிறோம். காலராவுக்கு உடனே தண்ணீர் கொடுத்து வைத்தியம் பார்த்தால் நூற்றில் 99 பேருக்கு மேல் பிழைத்துக்கொள்வார்கள். கூச்சத்தை விடுவோம், உயிரைக் காப்போம்.