ஹார்டு டிஸ்க் பார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு

‘கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, அடிக்கடி ஹேங் ஆகுது’ என்று சொல்லித்தான் கொண்டுவந்து வைப்பார்கள். அவற்றில் சில பெட்டிகளுக்குள் ஹார்டு டிஸ்க் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அது இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் அந்த நேரத்தை எதற்குச் செலவழிக்கிறாய் என்பதில்தான் உன் கைத்திறன் இருக்கிறது. சர்வீஸ் மேசையில் நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் கேள். ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் இரண்டு கேள்வி: ‘உள்ளே என்ன இருக்கு? வேற எங்கேயாவது காப்பி இருக்கா?’ காப்பி இல்லை என்றால் உன் வேலை அந்த நொடியிலேயே மாறிவிடுகிறது. கம்ப்யூட்டரை ஓடவைப்பது பிறகு. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதே முதல் வேலை. கீழே விழுந்ததா, திடீரென்று கரண்ட் போனதா, எப்போதிலிருந்து இப்படி என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்.

2. காதைக் கொடு. வீட்டு கம்ப்யூட்டரின் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும். அந்தத் தட்டுக்கு மேலே தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் ஹெட் மிதக்கிறது. நல்ல டிஸ்க்கில் சீரான ரீங்காரமும், படிக்கும்போது மெல்லிய கறகறப்பும் கேட்கும். ‘டக்… டக்… டக்…’ என்று ஒரே தாளத்தில் கேட்டால், ஹெட் தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்பப் போய் வருகிறது என்று அர்த்தம். உடனே பவரை நிறுத்து.

3. டிஸ்க்கைக் குற்றம் சொல்லும் முன் கேபிளையும் கரண்டையும் பார். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும். எஸ்எம்பிஎஸ் தளர்ந்து 12 வோல்ட் இறங்கினால், நல்ல டிஸ்க்கும் சுற்ற முடியாமல் டக் டக் என்று அடிக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் புது சாட்டா கேபிளும் போட்டு ஒரே ஒரு முறை பார். அப்போதும் தட்டினால் அதோடு நிறுத்திக்கொள்.

4. ஸ்மார்ட் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட் சி.டி.எல். முக்கியமாக நான்கு வரி. 5: கெட்டுப்போய், உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்கள். 197: படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198: டிஸ்க் தானே சோதித்தும் படிக்க முடியாதவை. 199: கேபிள் வழியில் நடந்த பிழைகள். இந்த 199 ஒருபோதும் குறையாது. கேபிளை மாற்றிய பிறகும் கூடுகிறதா என்று மட்டும் பார்.

புதியவர்கள் இங்கே ஒரு இடத்தில் தடுமாறுகிறார்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த வரிகளை 05, சி5, சி6, சி7 என்று பதினாறடிமான எண்ணில்தான் காட்டும். மதிப்பையும் முதலில் அப்படியே காட்டும். அங்கே 64 என்று இருந்தால் அது நூறு. நேற்று எட்டாக இருந்தது இன்று நாற்பது என்றால் தாமதிக்காதே.

5. ‘குட்’ என்று காட்டுவதை நம்பி ஓய்ந்துவிடாதே. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஸ்மார்ட்டில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயின. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. ஆகவே எண் கெட்டது என்று சொன்னால் நம்பு. நல்லது என்று சொன்னால் விண்டோஸ் ஈவென்ட் வியூவரையும் திறந்து பார். ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 என்ற எண் இருந்தால், அது பேட் பிளாக்.

6. காப்பி எடுக்கும் முன் எதையும் சரிசெய்யாதே. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஊர்ப் பாட்டிமார்களிடம் கேட்டு டைப் செய்த தாலாட்டும் ஒப்பாரியும் அந்த டிஸ்க்கில் இருந்தன. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேட் செக்டார் என்று கண்டதும் செக் டிஸ்க்கை ‘ஆர்’ போட்டு இரவு முழுக்க ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கவைக்கும், கோப்பு அமைப்பையும் திருத்தி எழுதும். நோயாளியை மலை ஏறச் சொன்னது போலத்தான். காலையில் டிஸ்க் எழும்பவே இல்லை. பாடிய பாட்டிகளில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அந்த வாரமே முதல் அறிவுரையை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டினேன்.

7. காப்பி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். டிஸ்க் ஓரளவு படிக்கிறது என்றால், உரியவர் சொல்லும் முக்கியமான ஃபோல்டரை முதலில் எடு. திணறினால் ஃபைல் ஃபைலாக இழுக்காதே. லினக்ஸில் டிடி ரெஸ்க்யூவை வைத்து முழு டிஸ்க்கையும் பெரிய வேறு டிஸ்க்குக்கு நகலெடு. அது சுலபமாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்குத் தள்ளும். மேப் ஃபைல் கொடுத்திருந்தால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். என்டர் தட்டும் முன் எது பழைய டிஸ்க், எது புதிய டிஸ்க் என்று சீரியல் நம்பரை வாய்விட்டு இரண்டு முறை படி. இடம் மாறினால், காப்பாற்ற வந்த நீயே அழித்தவன் ஆவாய்.

8. ஃப்ரீசரில் வைக்காதே, ஈரம் கோத்துக்கொள்ளும். தட்டாதே. மூடியைத் திறக்காதே, ஒரு தூசி போதும். இன்னொரு டிஸ்க்கின் போர்டை மாற்றிப் பார்க்காதே; அந்தந்த டிஸ்க்குக்கான அளவீடுகள் அதனதன் போர்டிலேயே இருப்பது வழக்கம்.

9. உன் எல்லையைச் சொல். உள்ளே ஹெட் போய்விட்டது என்றால் அது தூசியில்லாத அறை உள்ள டேட்டா ரெக்கவரி நிபுணர்களின் வேலை. ‘நானும் ஒரு தடவை பார்க்கிறேன்’ என்பது அவர்களுக்கு மிஞ்சியதையும் கெடுக்கும்.

10. திருப்பிக் கொடுக்கும்போது உரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படத்தைத் திற, ஒரு கடிதத்தைத் திற. ஃபோல்டர் பெயர் தெரிவது மீட்பு ஆகாது; உள்ளே இருப்பது திறக்க வேண்டும். புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தாலும், அது சத்தமே இல்லாமல் போய்விடும் என்று சொல்லி, இரண்டாவது காப்பியை அவர் கையாலேயே எடுக்கவைத்து அனுப்பு.