கூலியைத் தீர்மானிப்பது கொழுந்தா, லயமா?

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பொன்முடியில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அம்மா கொழுந்து எடுக்கிறார். அண்ணன் மலையிறங்கி விதுராவில் கட்டட வேலைக்குப் போகிறான்; கூலி அம்மாவுக்குக் கிடைப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தோட்டத்தில் கேட்டால், "உற்பத்தித்திறன் குறைவு, அதற்கேற்ற கூலி" என்கிறார்கள். நான் பி.காம். படிக்கிறேன், பாடமும் அப்படித்தான் சொல்கிறது. உண்மையா?
– வாசகி, பொன்முடி

பதில்: பாதி உண்மை. தேயிலைக்கு விலை ஏலத்தில் முடிவாகிறது. கூலி கூடினால் அதை வாங்குபவர் தலையில் கட்டத் தோட்டத்தால் முடியாது. செடிகளுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் கிழட்டுச் செடியைப் பிடுங்கி மறுநடவு செய்வதா என்று முடிவெடுப்பவர் உங்கள் அம்மா இல்லையே!

மீதிப் பாதிக்கு அண்ணனையே பாருங்கள். முப்பது வருடத்துக்கு முன் ஒரு கொத்தனார் ஒரு நாளில் எழுப்பிய சுவரைவிட இன்றைய கொத்தனார் ஒன்றும் பிரமாதமாகக் கூட்டிக் கட்டிவிடுவதில்லை. இருந்தும், ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்குப்படி 2022-23இல் கேரளக் கிராமப்புறத்தில் கட்டட வேலை செய்யும் ஆணின் சராசரி நாள்கூலி 852 ரூபாய். அகில இந்திய சராசரி 393 தான். கட்டுபடியாகாவிட்டால் ஆள் வளைகுடாவுக்குப் போய்விடுவான் என்ற பயம் பல வருடங்களாக இங்கே கூலியை ஏற்றியிருக்கிறது. உங்கள் அம்மா போய்விடுவார் என்று யாரும் பயப்படுவதில்லை. வேலையை விட்டால் லயத்தையும், அதாவது தோட்டம் தந்த வரிசை வீட்டையும், விட வேண்டும். தொழிலாளிக்கு வீடு கொடு என்று 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது நல்லெண்ணத்தில்தான். அந்த வீடே கால்கட்டாகிவிட்டது. உழைப்பை வாங்க ஒரே ஒருவர் இருக்கும் இடத்தில் கூலி உழைப்பின் பயனுக்குக் கீழேயே நிற்கும் என்று பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இலேயே எழுதினார். உங்கள் பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயமும் எங்காவது இருக்கும், தேடுங்கள்.

கூலி உயர்வு எப்படி வருகிறது என்பதற்கு மூணாறு ஓர் உதாரணம். 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, கூலி உயர்வு கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியில் 2005 முதல் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். கேட்டது 500 ரூபாய். 232 ஆக இருந்த நாள்கூலி 301 ஆனது. முப்பது சதவீத உயர்வு என்று தலைப்புச் செய்தி போடலாம். ஆனால் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆயிற்று. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் பதினொரு ரூபாய் பன்னிரண்டு ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கூலி உயர்வில் பெரும்பகுதி கூடுதலாக எடுத்த கொழுந்துக்கான விலைதான் என்று இதிலிருந்தே தெரியும்.

வீடே கால்கட்டான இந்த நிலையை அரசுக் கொள்கையின் சறுக்கலாகத்தான் பார்க்கிறேன். 1970இல் கேரள நிலச்சீர்திருத்தம் பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த கிராமத்துக் குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் நிலத்தில் உரிமை தந்தது. தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. லயத்துக்காரருக்குச் சென்ட்கூடக் கிடைக்கவில்லை. அதிதீவிர வறுமை ஒழிந்தது என்று 2025 நவம்பர் 1 அன்று அறிவித்த மாநிலத்தில் இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

நான் முதலில் கேட்பது கூலி உயர்வைக்கூட அல்ல, வேலையோடு ஒட்டாத சொந்த வீட்டை. அது இருந்தால் கூலியை அம்மாவே பேரம் பேசிக்கொள்வார். அதற்காக இருக்கிற லயத்துக்கே பட்டா எழுதிக் கொடுத்துக் கைகழுவவும் கூடாது. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது லயங்கள் நின்ற சரிவில்தான்.