மாசுற்ற மண்ணை ஆய்தல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உலக வழக்கு. அடுப்பில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். நஞ்சு கலந்த நிலத்துக்குப் பொருந்தாது.

கொடைக்கானலில் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கி வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் பழம்பொருள் வணிகரிடம் காணப்பட்டமையால் எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2001ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அதனை ஒட்டிய மலைச்சரிவில் பாம்பார் சோலை உள்ளது. நஞ்சு எவ்வளவு தங்கியது, எவ்வளவு ஆழம் சென்றது என்பவற்றை மண்ணைத் தோண்டி எடுத்தே அறிய வேண்டியதாயிற்று.

பாதரசம் நீரினும் 13.6 மடங்கு கனமுடையது. சிறு மணிகளாகச் சிதறி மண்ணின் வெடிப்புகளில் இறங்கும் இயல்பினது. ஆதலின் ஒரு பிடி மண்ணில் நஞ்சு மிக்கிருக்க, ஒரு முழம் தள்ளி எடுத்த பிடியில் ஏதும் இல்லாதிருத்தல் கூடும். இஃதறிந்தோர் நிலத்தைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாக வகுத்து, கட்டந்தோறும் மேல்மண்ணையும் ஆழத்து மண்ணையும் தனித்தனியே எடுப்பர். மாசுபடாத தொலைவிடத்து மண்ணும் ஒப்புநோக்குதற்கு வேண்டும்.

எடுக்கும் முறையே இதில் அருமையுடையது. மாசு குறைந்த இடத்தில் தொடங்கி மிக்க இடத்தில் முடித்தல் நன்று. ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறையை மாற்றுவர். துளைகருவியைக் குழிதோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, வாலைநீரால் அலசுவர். இறுதியாக அலசிய நீரையும் ஒரு புட்டியில் பிடித்து ஆய்வுக்கு அனுப்புவர். அந்நீரில் பாதரசம் காணப்படின் கருவியே குற்றவாளி. அதனால் எடுத்த மண் ஐயத்துக்குரியதாகும். பாதரசம் சூடேற்றாமலே ஆவியாக வல்லது. ஆகவே மாதிரியை வெயிலில் உலர்த்துதல் தகாது. கண்ணாடிப் புட்டியில் இட்டு, இறுக மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புவர்.

கொடைக்கானல் நிலத்துக்கு ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் என்பது தூய்மைப்படுத்தும் எல்லையாக வகுக்கப்பட்டது. அவ்வளவு பாதரசத்தை விட்டுவைத்தல் சோலைக்குத் தீங்கென்று சூழல் ஆர்வலர் எதிர்த்தனர். எல்லை எதுவாயினும், 19க்கும் 21க்கும் உள்ள சிறு வேறுபாடே ஒரு கட்டத்து மண்ணை அள்ளுவதா, விடுவதா என்பதை முடிவு செய்யும். ஆகவே புட்டியின் சீட்டில் இடம், ஆழம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை நீரில் அழியா மையால் எழுதுவர். புட்டி கைம்மாறுந்தோறும் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரு தாளில் கையொப்பமிடுவர். ஓரிடத்தில் கையொப்பம் விடுபடின், இடையில் எவர் கை பட்டதோ என்னும் ஐயம் எழும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவ்வையத்தை எளிதில் விடார்.