காயமும் காலமும்
– கால்பந்து வீரர்கள் நலம்பெறும் காலம் பற்றிய ஓர் ஆய்வு –

முன்னுரை

நோய் தீர்க்கும் முறையைத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்துரைத்துள்ளார். நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவன் செயற்படவேண்டும் என்பது அவர்தம் கருத்து. இம்மூன்றனுள் காலத்தையே நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். விளையாட்டுத் திடலில் அடிபட்ட இளைஞர்களின் செய்தியில் இது முற்றிலும் உண்மை. வீக்கம் வற்றியதும், வலி தணிந்ததும், மீண்டும் பந்தை நோக்கி ஓடுகின்றனர். முன்னினும் பெரிய காயத்தோடு திரும்புகின்றனர். கால்பந்தையே தொழிலாகக் கொண்ட வீரர்கள் காயத்திலிருந்து மீள எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கின்றனர், ஏன் எடுத்துக்கொள்கின்றனர், அதிலிருந்து நம் பகுதி இளைஞர் அறியத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காயம் ஆறும் முறை

எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். இதனை மருத்துவர் 'லிகமெண்ட்' என்பர். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். இவை கிழிந்தால் உடல் மூன்று படிகளில் அவற்றைச் செப்பனிடுகிறது. முதற்சில நாள்களில் வீக்கமும் வெப்பமும் தோன்றும். அடுத்த சில வாரங்களில் புதிய இழைகள் உருவாகும். அதன்பின் பல மாதங்கள், சிலபோது ஓராண்டுக்கு மேலும், அவ்விழைகள் வலுப்பெறும்.

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தார்க்கு இதனைத் தறியைக் கொண்டே விளக்கலாம். புதிதாகத் தோன்றும் இழைகள் பாவும் ஊடும் ஒழுங்குபடாத நூற்குவியல் போன்றவை. அளவான இழுவிசை நாளும் கிடைத்தால்தான் அவை ஒரு திசையில் அணிவகுத்து உறுதியான துணிபோல் ஆகும். இழுவிசையே இல்லையெனில் நெசவு தளரும். மிகுந்தால் இழை அறும். ஆகவே, முழு ஓய்வும் தவறு. முழு ஆட்டமும் தவறு. படிப்படியாகக் கூட்டப்படும் பயிற்சியே மருந்து. வலி முதற் சில வாரங்களிலேயே பெரும்பாலும் விலகிவிடுகிறது. வலிமையோ பல மாதங்கள் கழித்தே வந்து சேர்கிறது. இவ்விடைவெளியே மறுகாயத்தின் விளைநிலம் எனலாம்.

காயங்களும் அவற்றின் காலமும்

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டு முதல் முன்னணிக் கழகங்களின் காயங்களைத் தொடர்ந்து பதிவுசெய்து வருகிறது. சுவீடன் நாட்டு மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் இதனை முன்னின்று நடத்தினார். 25 வீரர் கொண்ட ஓர் அணியில் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 50 காயங்கள் நிகழ்கின்றன என்பது இதனால் தெரியவந்தது. பொதுவான காயங்களும் வீரர் களத்துக்கு வெளியே இருக்கும் சராசரிக் காலமும் வருமாறு:

1. பின்தொடைத் தசைக் கிழிவு: ஏறத்தாழ இரண்டரை வாரம். 2001-02இல் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த இது, 2021-22இல் 24 விழுக்காடாக இரட்டித்தது. இக்காயங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மறுகாயம். அம்மறுகாயங்களில் மூன்றில் இரண்டு பங்கு, வீரர் களம் திரும்பிய இரண்டு மாதத்துக்குள் நேர்ந்தவை.

2. கணுக்கால் சுளுக்கு: ஏறத்தாழ இரண்டு வாரம். எளிய காயம் என்று புறக்கணிக்கப்படுவதால் மீண்டும் மீண்டும் வருவது இது.

3. முழங்காலின் உட்புறத் தசைநார்க் காயம்: மூன்று வாரத்துக்குச் சற்று மேல்.

4. பாதத்தின் ஐந்தாம் நீளெலும்பு முறிவு: ஏறத்தாழ 80 நாள்.

5. முழங்காலின் நடுவே அமைந்த முன் குறுக்குத் தசைநார், அதாவது ஏ.சி.எல். அறுதல்: அறுவை மருத்துவத்துக்குப் பின் போட்டிக்குத் திரும்ப ஏழு மாதத்துக்கு மேல். மூன்றாண்டு கழிந்தும் உயர்மட்டத்தில் ஆடியோர் 65 விழுக்காட்டினரே.

தலைக்காயம் இவ்வரிசையில் அடங்காத தனிவகை. மூளை அதிர்ச்சி ஐயுறப்பட்ட வீரர் அன்றே ஆடுதல் கூடாது என்பது உலகம் ஏற்ற விதி. பின்னர் ஆறு படிகளாக, படிக்கு ஒரு நாளேனும் விட்டு, அறிகுறி திரும்பாமை கண்டே முன்னேற வேண்டும். 2006 அக்டோபரில் மண்டையோடு உடைந்த செல்சீ கோல்காப்பாளர் பீட்டர் செக், 2007 சனவரியில் தலைக்கவசம் அணிந்து திரும்பினார். 2019இல் ஓய்வுபெறும்வரை அக்கவசத்தை அவர் கழற்றவில்லை.

விரைந்தவரும் பொறுத்தவரும்

பிரேசில் வீரர் ரொனால்டோ 1999 நவம்பரில் முழங்காற்சில்லின் கீழுள்ள தசைநாணில் காயமுற்று அறுவை செய்துகொண்டார். 2000 ஏப்ரல் 12 அன்று, ஐந்து மாதம் நிறைவதற்குள், இத்தாலியக் கோப்பை இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில நிமிடங்களிலேயே எவரும் மோதாமல் அத்தசைநாண் முற்றாக அறுந்தது. 2000-01 பருவம் முழுவதையும் அவர் இழந்தார். எனினும், இம்முறை அவசரப்படாமல் காலத்தை முழுமையாக எடுத்துக்கொண்டார். 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல்கள் அடித்தார். அவற்றுள் இரண்டு இறுதியாட்டத்தில் அடித்தவை. ஒரே மனிதரின் ஒரே முழங்கால் அவசரத்தின் விலையையும் பொறுமையின் பயனையும் உலகுக்குக் காட்டியது.

நம் நாட்டிலும் சான்றுகள் உள. இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் 2019 அக்டோபரில் குவாகாத்தியில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஏ.சி.எல். அறுந்து அப்பருவம் முழுவதும் ஆடவில்லை. 2020 நவம்பரில் மோகன் பகான் அணிக்காகக் களம் திரும்பினார். 2024 சனவரியில் ஆசியக் கோப்பையில் மீண்டும் முழங்கால் காயமுற்றவர், அவ்வாண்டு நவம்பரில்தான் மலேசியாவுக்கு எதிராக இந்தியச் சட்டை அணிந்தார். சென்னையைச் சேர்ந்த தன்பால் கணேஷ், 2018இல் கோப்பை வென்ற சென்னையின் அணியில் ஆடியவர். முழங்கால் காயத்தால் அடுத்த பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார்.

நாள்காட்டி மட்டும் போதுமா?

நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஏ.சி.எல். அறுவை செய்துகொண்டோரை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஒன்பது மாதம் வரை, திரும்புதலை ஒரு மாதம் தள்ளிவைக்குந்தோறும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று அது கண்டது. எனினும் காலம் மட்டும் கடந்தால் போதாது. காயமுற்ற காலின் வலிமை மற்றக் காலின் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கேனும் எட்டியிருத்தல் வேண்டும். ஒற்றைக்காலில் தாவும் தொலைவும் அவ்வாறே ஒத்திருத்தல் வேண்டும். ஓடுதல், திடீரெனத் திரும்புதல், அணியோடு முழுப் பயிற்சி, அதன்பின் போட்டி என்னும் வரிசையும் பிறழலாகாது.

நம் பகுதி நிலை

மேற்கண்ட கணக்குகள் யாவும் தனி மருத்துவரும் நாள்தோறும் உடனிருக்கும் இயன்முறை மருத்துவரும் வாய்க்கப்பெற்ற வீரர்களின் கணக்குகள் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. அவ்வசதி இல்லாத இளைஞர்க்கு அவை குறைந்த அளவேயன்றி மிகுந்த அளவாகா. ஐரோப்பிய வீரர் இரண்டு வாரத்தில் திரும்பினார் என்பதைக் கொண்டு நாமும் இரண்டு வாரத்தில் திரும்பலாம் எனக் கருதுதல் பிழை.

திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் எலும்பு முறிந்தால் எல்லை கடந்து ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப்போடச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கட்டின் பணி எலும்பை அசையாமல் நிறுத்துவது. ஆனால் முழங்காலினுள் அறுந்த ஏ.சி.எல். பெரும்பாலும் தானே பழையபடி இணைவதில்லை. எக்ஸ்ரே படத்திலும் அது தெரிவதில்லை. மருத்துவரின் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமுமே அதனைக் காட்டும். அடிபட்டபோது 'டக்' என்ற ஒலி கேட்டிருந்தால், சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கியிருந்தால், பின்னர் நடக்கையில் முழங்கால் நழுவுவதுபோல் தோன்றினால், எலும்பு மருத்துவரை நாடுதல் கட்டாயம். காலை ஊன்றி நான்கு அடி நடக்கவியலாத கணுக்கால் காயத்துக்கும் எக்ஸ்ரே தேவை.

தொழில்முறை வீரர்க்குக் காயக்காலத்திலும் ஒப்பந்த ஊதியம் உண்டு. தறியில் கால்மிதி அழுத்தி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கால்தான் முதல். அது பழுதுபட்டால் ஆட்டத்தோடு பிழைப்பும் நிற்கும். ஆதலின் அவனுக்கே பொறுமை மிகுதியும் தேவை.

வருமுன் காத்தல் செலவில்லாதது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு வகுத்த 'ஃபிஃபா 11+' என்னும் பயிற்சித் தொகுதி 15 பகுதிகள் கொண்டது, 20 நிமிடத்தில் முடியும், பந்தொன்றே போதும். முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன. மண்டியிட்டு அமர்ந்து, தோழர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்சாய்க்கும் 'நார்டிக்' பயிற்சி பின்தொடைக் காயத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது.

முடிவுரை

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவம் நான்கு கூறுடையது என்பதும் வள்ளுவர் கண்டதே. இந்நான்காம் கூறு நம் கையில் உள்ளது. "இன்னுமா கால் சரியாகவில்லை?" என்று கேட்கும் தோழரும், இறுதியாட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று அழைக்கும் அணித்தலைவரும், பயிற்சியைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் பெரியவரும், அறியாமலே காயத்தை வளர்க்கின்றனர். "ஒற்றைக்காலில் தாவிக் காட்டு, பின்பு வா" என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு திடலிலும் இருப்பாராயின், பல இளைஞரின் முழங்கால்கள் காக்கப்படும். ஒரு கோப்பை அடுத்த ஆண்டும் வரும். கால் அவ்வாறு வருவதன்று. காலம் அறிந்து களம் புகுதலே வீரர்க்கு அழகு.