கேழ்வரகும் பனையோலையும்: குழந்தைகளுக்கான விளையாட்டுப் பெட்டித் தொழில்

நம் கடையில் கேழ்வரகு, கல் உப்பு, ரவை, கடுகு எல்லாம் எடை போட்டு விற்கிற பண்டங்கள். இதே பண்டங்களில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, ஒரு மரக்கரண்டி, நான்கு கிண்ணம், சில சிப்பிகள் சேர்த்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, 'புலன் விளையாட்டுப் பெட்டி' என்று பெயர் வைத்துப் பெருநகரங்களில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். குழந்தை அள்ளுகிறது, கொட்டுகிறது, தடவிப் பார்க்கிறது, சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான் விளையாட்டு. கொட்டாங்கச்சியில் மண் சோறு ஆக்கிய நமக்கு இது புதிதல்ல. தொட்டும் தடவியும் கற்பதை ஒரு கல்வி முறையாகவே வகுத்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக அவர் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. எனவே இந்தச் சரக்குக்குத் தமிழ்நாட்டில் வேர் இருக்கிறது.

இதை வீட்டுத் தொழிலாகச் செய்ய ஏற்ற இடம் எது என்று யோசித்தால் பழவேற்காடு ஏரிக்கரைதான் நம் நினைவுக்கு வருகிறது. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டித் துணி ஏற்றுமதி செய்த இடம் அது. இன்று ஏரியை நம்பிய குடும்பங்களுக்கு மீன் வரத்து ஒரே சீராக இல்லை. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும் காலத்தில் வலை வீசியும் பலன் குறைவு. அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எரிவது பல இடங்களில் பெண்களின் கைவேலையால். தோணிரேவு உள்ளிட்ட ஊர்களில் பனங்குருத்தோலையை உலர்த்தி, சன்னமாகக் கிழித்து, சாயம் ஏற்றிக் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். கல்யாண சீசன் போனால் கூடை தேங்கும். தேங்குகிற மாதங்களில் ஓலை மீன், ஓலைப் பந்து, மூடி போட்ட சின்ன ஓலைப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு விளையாட்டுப் பெட்டி தயாரிக்கலாம் என்பது நம் யோசனை. பிளாஸ்டிக் கிண்ணம் வைத்த பெட்டி எந்த ஊரிலும் கிடைக்கும். ஓலைப் பெட்டி அப்படியல்ல.

ஆனால் எதை உள்ளே வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதில் மளிகைக்காரராகிய நமக்குத் தெரிந்தது கைவினைப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இதை நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதலில் குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று மணியாகக் கோத்து வைக்கத் தோன்றும். வைக்கவே கூடாது. அதில் உள்ள அப்ரின் கொடிய நஞ்சு. தோல் கெட்டியாக இருக்கும்வரை தப்பிக்கலாம். கோப்பதற்காகத் துளை போட்டாலோ, குழந்தை கடித்தாலோ ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. அடுத்து காய்ந்த பட்டாணி, கொண்டைக்கடலை. மூக்கில் போட்டுக்கொண்ட பட்டாணி ஊறிப் பெருத்துவிடும் என்பதைப் பிள்ளை வளர்த்த எவரும் அறிவர். தண்ணீரில் பெருக்கிற பல வண்ண ஜெல்லி மணிகள் சந்தையில் வருகின்றன. விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். பல நாடுகளில் எச்சரிக்கை விடுத்த சரக்கு அது. வேர்க்கடலையும் வேண்டாம், மூச்சுக்குழலில் போனால் உயிருக்கே ஆபத்து.

கேழ்வரகு, ரவை, கல் உப்பு ஆகியவை 3 வயது கடந்த பிள்ளைகளுக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது தரலாம். உடைந்த கூர் விளிம்புள்ள சிப்பிகளைக் கழித்துவிட வேண்டும். ஒரு பொருள் 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்குமா என்று பார்க்கத் தர விதிகளில் ஓர் உருளை சொல்லப்பட்டிருக்கிறது. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. பழைய கேமரா பிலிம் டப்பா கிட்டத்தட்ட இந்த அளவுதான். அது கையில் இருந்தால் ஒவ்வொரு பொருளையும் போட்டுப் பார்க்கலாம்.

ஓலைக் கிலுகிலுப்பையையும் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். நமக்கும் ஆசைதான். ஆனால் அட்டையில் '3 வயதுக்கு மேல்' என்று எழுதினாலும் கிலுகிலுப்பை கைக்குழந்தையின் கைக்குத்தான் போகும். அது வாயில் வைத்துச் சப்பும், ஓலை நைந்து பிரியும், உள்ளே இருக்கும் விதை வெளியே வரும். ஆகவே விட்டுவிடுவதே நல்லது. அதே காரணத்தால் வாயில் வைக்கக்கூடிய எதற்கும் துணிச்சாயம் ஏற்றாத ஓலையே போதும்.

சட்டத்தைப் பார்ப்போம். 14 வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய ஆணை 2020இல் பிறந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முத்திரையில்லாச் சரக்கு விற்றால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. தயாரிப்பவரோடு விற்பவரும் இதில் மாட்டுவார். மத்திய ஜவுளித் துறையின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே தயாரித்து விற்கும் பொருளுக்கு இந்த ஆணையிலிருந்து விலக்கு உண்டு. அதற்கான அடையாள அட்டைக்கு 'பெஹ்சான்' என்று பெயர். ஓலை முடையும் பெண்கள் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பதிவு. இதில் ஒரு சூட்சுமம்: விலக்கு கைவினைஞருக்கு. ஓலைப் பந்தை வாங்கி, வேறெங்கோ வாங்கிய பிளாஸ்டிக் இடுக்கியோடு சேர்த்து நம் கடைப் பெயரில் பொட்டலம் கட்டினால் அந்த நிழலில் நாம் ஒதுங்க முடியாது. பெட்டியை நிரப்பி மூடுவது அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நம் கடையில் வைத்து விற்பதைப் பற்றிச் சென்னை தரமணியில் உள்ள இந்தியத் தர நிர்ணய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு சரக்கு எடுங்கள். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உள்ளடக்கம், தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் சொல்ல எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பதை நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

விலை கட்டுவதில்தான் வீட்டுத் தொழில்கள் சாய்கின்றன. உதாரணத்துக்கு ஒரு பெட்டிக்கு ஓலை, தானியம் முதலியவை 70 ரூபாய், அட்டையும் அச்சும் 25, போக்குவரத்தும் சேதாரமும் 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 115. 'நூற்றைம்பதுக்குக் கொடுக்கிறேன் அண்ணாச்சி' என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொல்வார். ஒரு பெட்டிக்கு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து முடைந்திருக்கிறார். மிச்சம் 35 ரூபாய், அதாவது மணிக்கு 14 ரூபாய் கூலி! வாய்ப்பென்று நாம் வாங்கிப் போட்டால் மூன்றாம் மாதம் அவர் வேலையை விட்டுவிடுவார், நம் அலமாரி காலியாகும். மணிக்கு 50 ரூபாய் கூலி என்று 125 சேர்த்தால் அடக்கம் 240. அவருக்கு 30 லாபம் வைத்து 270க்கு வாங்கி 350க்கு விற்றால், வரி நீங்கலாக நமக்கு 80 நிற்கும். மளிகையில் எந்தச் சரக்கில் இந்த விகிதம் கிடைக்கிறது?

சரக்கு இருப்பு பற்றி ஒரு சொல். தானியம் இருக்கிற பெட்டி இது. வண்டு விழும். கேழ்வரகை நன்றாக வெயிலில் காயவைத்து, இறுக்கமான தனிப் பையில் போட்டபிறகே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை பூஞ்சை பிடிக்கும். ஏரிக்கரையில் ஈரம் இன்னும் அதிகம். ஆகவே ஆடி, ஆவணியில் முடைந்து வாங்கி, உலர்ந்த இடத்தில் அடுக்கி, நவராத்திரிக்கு விற்றுத் தீர்ப்பது உத்தமம்.

முதல் தடவை 20 பெட்டிக்கு மேல் எடுக்க வேண்டாம். 'விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி' என்ற நம் வழக்கமான பேச்சையும் இதில் பேச வேண்டாம். கம்பெனிக்காரர் அதைத் தாங்குவார். மீன் வராத வாரத்தில் ஓலை வாங்கக் கடன் பட்டவரால் தாங்க முடியாது. 20 பெட்டிக்கு 5,400 ரூபாய், பாதியை ஆர்டரின்போதும் மீதியைப் பெட்டி கைக்கு வந்ததும் கொடுத்துவிடுங்கள்.